கதையை விட்டுவிட்டு ஊரைப் பிடித்த நாடகம்: 'அண்டர் மில்க் வுட்' உருவான விதம்

"வெயிலை வீட்டுக்குள் விடுவதற்கு முன்னால், அது ஷூவைத் துடைத்துக்கொண்டதா என்று பார்." சுத்தப் பைத்தியம் பிடித்த ஓர் அம்மாளின் உத்தரவு இது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த கவிஞர் டிலன் தாமஸ் எழுதிய 'அண்டர் மில்க் வுட்' என்ற வானொலி நாடகத்தில் வருகிறது. மிஸஸ் ஆக்மோர் பிரிட்சர்டுக்கு இரண்டு கணவர்கள்; இரண்டு பேரும் செத்துப்போனவர்கள். அவர்களைக் கனவில் எழுப்பிக் கூப்பிட்டு, அன்றாடம் செய்யவேண்டிய வீட்டு வேலைகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒப்பிக்கச் சொல்கிறாள். ஒப்பித்து முடித்ததும்தான் வெயிலைப் பற்றிய இந்த வரி. நாடகம் பிபிசியில் முதன்முதலாக ஒலிபரப்பானது 1954 ஜனவரி 25 அன்று. ஆனால் இதே வரி அதற்கு எட்டரை ஆண்டுகள் முன்பே அதே பிபிசியில் ஒலித்துவிட்டது.

1944 செப்டம்பரில் தாமஸ் குடும்பத்தோடு வேல்ஸின் மேற்குக் கடற்கரையில் நியூ கீ என்ற சின்ன ஊருக்குக் குடிபோனார். போர் முடியாத நேரம். அங்கே இருந்தபோது 'குவைட் எர்லி ஒன் மார்னிங்' என்று ஒரு வானொலிப் பேச்சு எழுதினார். குளிர்கால விடியற்காலையில் ஒருவர் தூங்குகிற ஊருக்குள் நடந்து போகிறார். சாத்திய சன்னல்களுக்குப் பின்னால் யார் யார் என்னென்ன கனவு காண்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறார். கடைசியில் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக ஒரு சின்னப் பாட்டில் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். 1945 ஆகஸ்ட் 31 அன்று அது ஒலிபரப்பானது. தூங்குகிற ஊர், கனவுகள், வயதான கப்பல் கேப்டன், வெயிலை மிரட்டும் அம்மாள் என்று நாடகத்துக்கு வேண்டிய சரக்கெல்லாம் அதிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, அது ஒன்றரை மணி நேர நாடகமாக வளர்வதற்கு இத்தனை வருஷம் ஏன் பிடித்தது?

குடி, கடன், ஊர் சுற்றல் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். வருமான வரி பாக்கி கழுத்தை நெரித்தது. சினிமாவுக்கு எழுதினார், வானொலியில் படித்தார், நடித்தார், காசுக்காக அமெரிக்கா போய் மேடைமேடையாகக் கவிதை வாசித்தார். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுகிற காரணம் வேறு. நாடகம் என்றால் ஒரு கதை வேண்டும் என்று அவர் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். அந்தக் கதைதான் நாடகத்தை எழுதவிடாமல் மறித்துக்கொண்டு நின்றது.

கதை என்னவோ நல்ல கதைதான். 'பைத்தியம் பிடித்த ஊர்' என்பது அதற்கு வைத்திருந்த பெயர். ஒரு கடற்கரை ஊர் முழுக்கப் பைத்தியம் பிடித்துவிட்டது, வெளியுலகம் அதை அண்டக்கூடாது என்று அதிகாரிகள் முடிவுகட்டுகிறார்கள். ஊர் எதிர்த்து நிற்கிறது. வழக்கு நடக்கிறது. ஊர்க்காரர்கள் சாட்சிகள், கண் தெரியாத கிழவரான கேப்டன் கேட் ஊருக்காக வாதாடுகிறார். கடைசியில் அரசுத் தரப்பு எழுந்து, புத்தி சரியாக இருக்கிற ஊர் எப்படி இருக்கவேண்டும் என்று விவரமாக வாசிக்கிறது. அதைக் கேட்டதும் ஊர்க்காரர்கள் தங்கள் வாதத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு, தயவுசெய்து எங்களைச் சுற்றி இப்போதே வேலி போட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறார்கள்.

யாரிடம் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டும் கதை. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு சிக்கல். வழக்கு என்று வந்துவிட்டால் எல்லோரும் ஏதோ ஒன்றை நிரூபிக்க வந்த சாட்சிகளாகிவிடுவார்கள். காதலித்துக்கொண்டே கடிதத்தோடு நிறுத்திக்கொள்கிற துணிக்கடைக்காரரும் மிட்டாய்க்கடை அம்மாளும், பெண்டாட்டிக்கு விஷம் வைக்க மனசுக்குள்ளேயே திட்டம் போட்டுக்கொண்டு சாந்தமாகச் சாப்பிடுகிற வாத்தியாரும், அறுபத்தாறு கடிகாரங்களோடு தனியாக வாழ்கிற மனிதரும் எதையும் நிரூபிக்கப் பிறந்தவர்கள் இல்லை. 1950 அக்டோபரில் முதல் 39 பக்கங்களைத் தாமஸ் பிபிசிக்கு அனுப்பினார். அதில் ஊர் தூங்குகிறது, கனவு காண்கிறது, எழுந்திருக்கிறது. வழக்கு உள்ளே நுழைய அந்த ஊரில் வாசலே இல்லை.

சரி, வழக்கே வேண்டாம் என்று ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார். 1951 இலையுதிர்காலத்தில், ரோமிலிருந்து 'போத்தேகே ஒஸ்குரே' என்ற இலக்கிய இதழை நடத்திவந்த மார்கரீட் கயெத்தானிக்கு எழுதிய கடிதத்தில் புதுத் திட்டம் தெளிவாக இருக்கிறது. நான் வாழும் ஊரைப் பற்றி இருட்டிலிருந்து வருகிற குரல்களால் ஒரு கேளிக்கை எழுதுகிறேன், கேட்டு முடித்ததும் அந்த ஊரிலேயே குடியிருப்பவர் மாதிரி நீங்கள் ஊரைத் தெரிந்துகொண்டிருப்பீர்கள் என்கிறார். இருட்டிலிருந்து வருகிற குரல்கள் என்றால் அது வானொலியேதான். தான் எழுதுவது என்ன என்பதை அவர் கண்டுபிடித்தது இந்தக் கடிதத்தில்தான் என்று நினைக்கிறேன். 1952இல் நாடகத்தின் முதல் பாதி அந்த இதழில் வந்தது.

இங்கே கொஞ்சம் நின்று, கேப்டன் கேட்டை அருகில் பார்க்கவேண்டும். வழக்கில் வக்கீலாக இருந்திருக்கவேண்டிய இந்தக் கண் தெரியாத கிழவர், வழக்கு போன பிறகு சும்மா சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். காலை நேரம். தெருவில் போகிறவர்களைக் காலடிச் சத்தத்தை வைத்தே அடையாளம் சொல்கிறார். தபால்காரர் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார் என்று சொல்கிறார். தண்ணீர் பம்ப்பைச் சுற்றிப் பெண்கள் வளவளவென்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். சட்டென்று பேச்சு அடங்குகிறது. கேப்டன் சொல்கிறார்: இந்த அமைதி போடுகிற சத்தத்தை வைத்தே தெரிகிறது, வருவது பாலி கார்ட்டர்.

பாலி கார்ட்டர் கல்யாணமாகாமலே பிள்ளைகள் பெற்றுக்கொண்டவள். அவள் வந்தால் பெண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஊரின் நியாயம், பொறாமை, ஒதுக்கல் எல்லாம் அந்த ஒரு நொடி அமைதியில் இருக்கிறது. மேடையில் இதே காட்சிக்கு முகங்கள் வேண்டும், திரும்பிக்கொள்கிற தோள்கள் வேண்டும். வானொலியில் ஒன்றுமே வேண்டாம், சத்தத்தை நிறுத்தினால் போதும். வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கும் கண் தெரியாது, கேப்டனுக்கும் தெரியாது. அந்தச் சன்னலோரத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாடகப் பிரதியின் முதல் குறிப்பே 'அமைதி' என்பதுதான். அடுத்த குறிப்பு, 'மிக மெல்லிய குரலில்'. எங்கள் வீட்டில் ரேடியோ இரண்டு நொடி பேசாமல் இருந்தால் அப்பா எழுந்துபோய்த் தலையில் ஒரு தட்டு தட்டுவார். வானொலியில் அமைதி என்றால் ஏதோ பழுது என்றுதான் கேட்பவர் நினைப்பார். அந்தப் பயத்திலிருந்தே நாடகத்தைத் தொடங்க ஒருவருக்குத் துணிச்சல் வந்திருக்கிறது. வசந்தகாலம், நிலா இல்லாத இரவு, ஊர் தூங்குகிறது. கண் விழித்திருப்பது நீங்கள் மட்டும்தான், இங்கிருந்து அவர்களுடைய கனவுகள் உங்களுக்குக் கேட்கும் என்று முதல் குரல் நம்மை நேராகக் கூப்பிடுகிறது. பெயரில்லாத 'முதல் குரல்', 'இரண்டாம் குரல்' என்று இரண்டு பேர்தான் நம்மை வீடுவீடாகக் கூட்டிப்போகிறார்கள்.

பிபிசிக்குள் இதற்கு இடம் கிடைத்ததற்கும் காரணம் உண்டு. நாடகத்துக்கென்று அங்கே ஒரு பிரிவு இருந்தது. அது தவிர, நம் வானொலிக்காரர்கள் உரைச்சித்திரம் என்பார்களே, அந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்காக 'ஃபீச்சர்ஸ்' என்று தனிப் பிரிவு. கதை, ஆவணம், கவிதை, பாட்டு எதையும் எப்படியும் கலந்து வானொலிக்காகவே புதிதாக எழுதலாம். கவிஞர்கள் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். 1946 செப்டம்பரில் தொடங்கிய 'தேர்ட் புரோகிராம்' அலைவரிசை அந்தச் சோதனைகளுக்கு நேரத்தைத் தாராளமாகக் கொடுத்தது. தாமஸே 1947இல் 'ரிட்டர்ன் ஜர்னி' என்று ஓர் உரைச்சித்திரம் எழுதியிருந்தார். போரில் குண்டு விழுந்து சிதைந்த தன் சொந்த ஊரான ஸ்வான்சீயில், தன் இளவயதுப் பையன் எங்கே போனான் என்று வருவோர் போவோரிடம் விசாரித்துக்கொண்டு அலைகிற நிகழ்ச்சி. ஒரு கதைசொல்லி, அவரைச் சுற்றிச் சின்னச் சின்னக் குரல்கள் என்ற அமைப்பு அதிலேயே கைக்கு வந்துவிட்டது. ஃபீச்சர்ஸ் பிரிவின் தயாரிப்பாளர் டக்ளஸ் கிளெவர்டன்தான் வருஷக்கணக்கில் தாமஸின் பின்னாலேயே நடந்து இந்த நாடகத்தை வாங்கியவர். அவருடைய பொறுமை இல்லாவிட்டால் முதல் பாதியோடு இது நின்றுபோயிருக்கும்.

நாடகத்து ஊரின் பெயர் லாரெகப். ஏதோ பழைய வேல்ஸ் ஊர்ப்பெயர் மாதிரி ஒலிக்கும். ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் 'ஒரு மண்ணும் இல்லை' என்று பொருள்படும் கொச்சையான வசவு. 1954இல் புத்தகம் அச்சானபோது வசவு தெரியாதபடி எழுத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டார்கள். தலைப்பிலும் முதலில் இந்தப் பெயர்தான் இருந்தது. அமெரிக்கர்கள் வாயில் நுழையாது என்று பிறகு ஊருக்கு மேலே இருக்கும் காட்டின் பெயரை வைத்து 'அண்டர் மில்க் வுட்' ஆக்கினார்.

ஆட்களின் பெயர்கள் இன்னும் அழகு. வேல்ஸில் குடும்பப் பெயர்கள் கொஞ்சம்தான். ஒரு தெருவில் நாலு எவன்ஸ், ஐந்து ஜோன்ஸ் இருப்பார்கள். அதனால் தொழிலைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். ரொட்டி போடுகிற டாய் 'டாய் பிரெட்', ஆர்கன் வாசிக்கிற மார்கன் 'ஆர்கன் மார்கன்', சவ அடக்கம் செய்கிற எவன்ஸ் 'எவன்ஸ் தி டெத்'. நம் ஊரில் நாலு முருகன் இருந்தால் ஒருவர் சைக்கிள்கடை முருகனும் இன்னொருவர் ரேஷன்கடை முருகனும் ஆவதில்லையா? அறுபதுக்கு மேற்பட்ட பாத்திரங்கள் வந்துபோகிற நாடகத்தில், முகம் தெரியாமல் கேட்கிறவருக்கு யார் யார் என்று பிடிபடுவதற்கு இந்தப் பட்டப்பெயர்கள் பெரிய உதவி.

இது எந்த ஊர் என்று நியூ கீயும் லார்னும் இன்றைக்கும் உரிமை கொண்டாடுகின்றன. தாமஸ் 1949 முதல் குடியிருந்தது லார்ன். ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்த படகுவீடு, அதற்கு மேலே பாதையோரம் எழுதுவதற்கென்று ஒரு சின்னக் கொட்டகை. விதை நியூ கீயில் விழுந்தது; லார்னில் வளர்ந்தது; நடுவில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் சவுத் லீ கிராமத்திலும் கொஞ்சம் எழுதப்பட்டது. தாமஸ் கையாலேயே போட்ட லாரெகப் வரைபடம் ஒன்று வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. எந்த வீடு எங்கே என்று தனக்கே குழம்பாமல் இருக்கப் படம் போட்டு வைத்துக்கொண்ட எழுத்தாளரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வானொலிக்காக எழுதிய நாடகத்தை, ஒலிபரப்புக்கு முன்பே அமெரிக்காவில் சனங்கள் அரங்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். 1953 மே 3 அன்று ஹார்வர்டில் உள்ள ஃபாக் அருங்காட்சியகத்தில் தாமஸ் தனியாக, முடியாத பிரதியை வாசித்தார். மே 14 அன்று நியூயார்க் போயட்ரி சென்டரில் ஐந்து நடிகர்களோடு சேர்ந்து வாசித்தார். அன்று மாலை வரை முடிவுப் பகுதி எழுதப்படவில்லை. சென்டரின் உதவியாளர் லிஸ் ரைடெல் அவரை ஓர் அறையில் உட்காரவைத்து, எழுத எழுதப் பக்கங்களை வாங்கித் தட்டச்சுக்கு அனுப்பினார். நடிகர்கள் ஒப்பனை போட்டுக்கொண்டிருக்கும்போது கடைசி வரிகள் கைக்கு வந்தன. ஒத்திகையில் நடிகர்களிடம் தாமஸ் சொன்னது பெரும்பாலும் ஒன்றேதான்: சொற்களை நேசியுங்கள். பார்வையாளர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று முதலில் தயங்கி, அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடைத் தரையில் யாரோ வைத்துவிட்டுப்போன ஒரே ஒரு மைக் இதைப் பதிவு செய்தது. தாமஸ் தன் குரலில் இந்த நாடகத்தை மற்றவர்களோடு சேர்ந்து வாசித்த பதிவு இன்று நமக்குக் கிடைப்பது அந்த மைக்கினால்தான்.

ஊருக்குத் திரும்பியதும் திருத்தினார். அக்டோபர் நடுவில் பிரதி கிளெவர்டன் கைக்கு வந்தது. பிபிசியில் அதைத் தட்டச்சு செய்துகொண்டு, அக்டோபர் 17, சனிக்கிழமை, கையெழுத்துப் பிரதியைத் தாமஸிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வார இறுதியிலேயே அதைத் தொலைத்துவிட்டார். திங்கட்கிழமை நியூயார்க்குக்கு விமானம். அங்கே மறுபடி வாசிக்கவேண்டும். கையில் ஒரு தாள் இல்லை. செய்தி தெரிந்ததும் கிளெவர்டன் மூன்று படிகளை எடுத்துக்கொண்டு லண்டன் விக்டோரியா விமானப் பயணியர் நிலையத்துக்கு ஓடினார். என் உயிரைக் காப்பாற்றினீர்கள் என்று சொன்ன தாமஸ், தொலைந்த பிரதி கிடைத்தால் அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எங்கே விட்டிருக்கலாம் என்று நாலைந்து மதுக்கடைகளின் பெயரைச் சொன்னார். அங்கேயும் இல்லையென்றால் டாக்ஸியில் இருக்கும் என்றார். ஓரிரு நாளில் சோஹோ பகுதியில் ஹெல்வீஷியா என்ற மதுக்கடையில் கிளெவர்டன் அதைக் கண்டெடுத்தார்.

கண்டெடுத்ததைச் சொல்ல அவர் எழுத்தாளரை மறுபடி பார்க்கவே இல்லை. நவம்பர் 9 அன்று நியூயார்க் மருத்துவமனையில் தாமஸ் இறந்துபோனார். வயது 39. பின்னாளில் இந்தப் பிரதி கைமாறி விற்கப்பட்டபோது தாமஸின் மனைவி கேட்லின் தரப்பு வழக்குப் போட்டது. வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப்போனது தானம் ஆகுமா என்பது கேள்வி. ஆகும் என்று 1966இல் லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

முதல் குரலாக ஒலிபரப்பில் பேசவேண்டியவர் தாமஸ்தான். அந்த இடத்துக்கு நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் வந்தார். அப்போது அவருக்கு 28 வயது. வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். இயற்பெயர் ரிச்சர்ட் ஜென்கின்ஸ். பள்ளிக்கூடத்தில் தன்னை எடுத்து வளர்த்த ஆசிரியர் பிலிப் பர்ட்டனின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டவர். அந்த ஆசிரியரும் இந்த ஒலிபரப்பில் இருக்கிறார். பிற்பாடு பிபிசியில் தயாரிப்பாளரான அவர்தான் 'ரிட்டர்ன் ஜர்னி'யைத் தயாரித்தவர். இதில் தினம் காலையும் மாலையும் வாசலில் நின்று ஊருக்காகக் கவிதை சொல்கிற பாதிரியாராக அவர் பேசினார். பாத்திரத்தின் பெயர் எலி ஜென்கின்ஸ். சீடனின் பழைய பெயர் குருவின் பாத்திரத்துக்கு வந்து வாய்த்ததைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கேப்டன் கேட்டாக ஹியூ கிரிஃபித். பாட்டுகளுக்கு இசை தாமஸின் பால்ய சிநேகிதர் டேனியல் ஜோன்ஸ். பிள்ளைகள் பாடும் பகுதியை லார்ன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையே பாடவைத்துப் பதிவு செய்தார்கள். கிளெவர்டன் வேல்ஸ் நடிகர்களைத் தேடித் தேடிச் சேர்த்தது ஊர்ப்பாசத்தால் மட்டும் இல்லை. தாமஸுக்கு வேல்ஸ் மொழி பேச வராது, எழுதியது ஆங்கிலம். ஆனால் வாக்கியம் ஏறி இறங்குகிற விதம் அந்த மண்ணுக்குரியது. லண்டன் மேடை உச்சரிப்பில் படித்தால் நகைச்சுவை கேலியாகிவிடும், ஊர்க்காரர்கள் கோமாளிகளாகிவிடுவார்கள்.

நியூயார்க் பதிவையும் பிபிசி பதிவையும் விளக்கை அணைத்துவிட்டு அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறேன். தாமஸின் குரல் பெரியது, அரங்கின் கடைசி வரிசை வரை போகிறது. பர்ட்டன் அப்படி இல்லை. பக்கத்தில் வந்து காதோரம் பேசுகிறார். "காலம் கடக்கிறது. கேளுங்கள்" என்ற இடத்தில் அவர் குரல் அடங்கிவிடுகிறது, ஒரு நொடி ஒன்றும் கேட்பதில்லை. எழுதியவர் தாமஸாகவே இருந்தாலும், வானொலிக்கு வேண்டிய தூரத்தைச் சரியாகப் பிடித்தது பர்ட்டன்தான் என்பது என் கட்சி. அந்த வருஷமே நாடகத்துக்கு இத்தாலியப் பரிசான 'பிரி இத்தாலியா' கிடைத்தது. 1963இல் கிளெவர்டன் பர்ட்டனையே வைத்து மறுபடி ஒருமுறை இதைத் தயாரித்தார்.

ஆனாலும் அன்று ஒலித்தது முடிந்த நாடகம் இல்லை. இரவுக்கும் காலைக்கும் தாமஸ் நிறைய இடம் கொடுத்திருந்தார். பிற்பகலையும் மாலையையும் இன்னும் விரித்து எழுதவேண்டும் என்று நினைத்திருந்தார். அதற்கு நாள் கிடைக்கவில்லை. அதனால் கேட்கிறவருக்கு இது தெரியும்: காலை வெயில் ஏற ஏறத் தெருத்தெருவாக, கடைகடையாக நின்று கதை நகர்கிறது. மதியச் சாப்பாடு முடிந்ததும் வேகம் பிடிக்கிறது. கேப்டன் கேட் செத்துப்போன தன் காதலி ரோஸியோடு பேசுகிறார், பாதிரியார் மாலைக் கவிதையைச் சொல்கிறார், பாலி கார்ட்டர் இறந்துபோன வில்லியை நினைத்துப் பாடுகிறாள். சட்டென்று லாரெகப்பில் இருட்டிவிடுகிறது.